வீட்டிலிருந்து ஆன்லைன் கடை: தைரியம் வரலைங்கிறவங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னிமலைப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு கைத்தறி பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பையனின் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

அக்கா, ஆசை இருக்குது. தைரியந்தான் வரமாட்டேங்குது. என்ன பண்றது?

எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுதுங்க. மனசுக்குள் இருக்கும்வரை அது ஒரே மூட்டையாகக் கிடக்கிற வெசனம். எழுதினால் நாலைந்து பொட்டலமாகப் பிரிந்துவிடும். நான் எழுதியது பையனுடைய பழைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில். பணம் போயிடுமா? விக்காமக் கெடந்தா? யாராச்சும் ஏமாத்திட்டா? மச்சாண்டார் வீட்டுல சிரிப்பாங்களே?

முதல் மூன்றுக்கும் பக்கத்திலேயே பதில் எழுத முடிந்தது. பணம் போனால் 5,000 ரூபாய் போகும். அது சீட்டு எடுத்த பணம், போனால் அந்தத் தீபாவளிக்கு எனக்குப் புதுச்சேலை இல்லை, அவ்வளவுதான். விற்காமல் கிடந்தால் வருகிற கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் பெட்ஷீட்டையே கொடுத்துவிடலாம். பணம் வராமல் சரக்கைத் தாட்டி விடாதவரை, யாரும் பெரிதாக ஏமாற்ற முடியாது. நாலாவது கேள்விக்குப் பக்கத்தில் மட்டும் வெற்றிடம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது நட்டத்துக்கு இல்லை, அந்தச் சிரிப்புக்கு.

தைரியம் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். வரவே இல்லை. 10 பெட்ஷீட் வீட்டுக்குள் வந்து அலமாரியில் உட்கார்ந்த பிறகு, இதை விற்றாகணுமே என்று ஒரு வேகம் வந்தது. அதற்குப் பேர் தைரியமா, வேறு வழியில்லாமையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேலை நடந்தது.

தெரிஞ்சவங்க பார்த்துட்டு, "துணி விக்கிற நெலமைக்கு வந்துட்டியா"ன்னு கேட்டா?

கேட்பாங்க. என்னைக் கேட்டாங்க, அதுவும் சீர் வீட்டில், பத்துப் பேர் நடுவில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லீங்க, சிநேகிதி ஒருத்திக்காகச் சும்மா ஸ்டேட்டஸ் போட்டேன்" என்றேன். பொய். வீட்டுக்கு வந்து என் மேலேயே எனக்குக் கோபம்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். கோணிச் சாக்கை விரித்துக் கருவேப்பிலையும் அரைக்கீரையும் வைத்திருந்தார் ஓர் ஆத்தா, எழுபது வயசு இருக்கும். "கட்டு எவ்வளவுங்க?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் "பதினஞ்சு" என்றார். "பத்துக்கு வராதுங்களா?" என்றேன். "வராது சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, விளக்கமும் இல்லை. எனக்கு விலை சொல்லத் தெரியவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

நம்ம ஊரில் விற்பது எப்போது கேவலமாயிற்று? அப்பாரு காலத்தில் மஞ்சள் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஈரோட்டு மண்டிக்குப் போனவர்கள்தானே நாம்? கொடுமுடிக்குத் தேங்காய்ப் பருப்பு, கவுந்தப்பாடிக்கு நாட்டுச் சர்க்கரை என்று ஏலத்துக்குக் கொண்டுபோனவர்கள் யாரும் முகத்தை மூடிக்கொண்டு போகவில்லை. ஆம்பளை மண்டிக்குப் போனால் வியாபாரம், பொம்பளை ஸ்டேட்டஸ் போட்டால் "நெலமை" என்கிற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

இதெல்லாம் பேசுவதற்கு நன்றாக இருக்கும், அன்றைக்கு ராத்திரியே மாறிவிட முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யாருக்குக் காட்டக்கூடாது என்று தேர்ந்தெடுக்கலாம். முதல் மூன்று மாதம் ஒறம்பரையில் 14 பேரை மறைத்து வைத்திருந்தேன். கோழைத்தனம்தான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் முகம் தெரியாதவர்களிடம் விலை சொல்லிப் பழகிவிட்டேன். பிறகு ஒவ்வொருவராகத் திறந்துவிட்டேன். அதில் சிரித்தவர் ஒருத்தரே ஒருத்தர். இரண்டு பேர் சரக்கு கேட்டார்கள். மிச்சம் 11 பேர் கவனிக்கவே இல்லை, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பொழப்பு.

சொந்தக்காரங்க கடன் கேட்டா?

முதல் தடவையே "ரொக்கந்தானுங்க" என்று சொல்லிவிடுங்க. முதல் தடவை சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது.

வீட்டுக்காரர் வேண்டாங்கிறார். மாமியாரும் முகம் கொடுக்கலை.

வேண்டாம் என்கிறவர் எதை வேண்டாம் என்கிறார் என்று பாருங்க. என் வீட்டில் அது பணமாக இருக்கவில்லை. முன்பின் தெரியாத ஆம்பளைகள் ராத்திரி போன் பண்ணுவார்களே என்பதுதான். அதில் நியாயம் இருந்தது. தனி நம்பர் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, "காலை 10 முதல் மாலை 6 வரை, மெசேஜ் மட்டும்" என்று எழுதிவைத்தேன். பேச்சு நின்றது.

மாமியார் விஷயம் வேறு மாதிரி. அவர் தறி வீட்டில் பிறந்தவர், பாவு ஓட்டிய கை. நான் கொண்டுவந்த பெட்ஷீட்டை ஒருநாள் விரித்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதுல கரை இழுத்திருக்குது, இதைத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார். அன்றிலிருந்து தரம் பார்க்கிறது அவர் வேலை. சம்மதம் தருகிறேன் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எல்லா வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடியாது, தெரியும். அடிதடி, மிரட்டல் என்று போகிற வீடுகளுக்கு என் அனுபவம் உதவாது. பெண்கள் உதவி எண் 181, அது கடைக்காக இல்லை, உங்களுக்காக.

எவ்வளவு முதல் போடணும்?

போனால் தூக்கம் கெடாத தொகை. எனக்கு அது 5,000. பெட்ஷீட் ஒன்று 480 வீதம் 10 எடுத்தேன், 4,800. கூரியர் கவரும் டேப்பும் 200. நகை அடகு வைத்து ஆரம்பிக்காதீங்க. குழுக் கடன் வாங்கியும் ஆரம்பிக்காதீங்க, வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது எந்தச் சரக்கையும் நல்ல விலைக்கு விற்க முடியாது.

எதை விற்கிறது? எல்லாத்தையும்தான் எல்லாரும் விக்கிறாங்களே.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய் வரக்கூடிய இடத்தில் என்ன தயாராகிறதோ, அது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், திருப்பூர் பனியன் துணி, ஊத்துக்குளி வெண்ணெய், காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் கிடைத்தது. சென்னையிலோ சூரத்திலோ வாங்கி மறுபடி விற்கிறவரைவிட நமக்கு ஒரு வசதி: ஒரு பொருளில் குறை என்றால் செய்தவர் வீட்டுக்கே நேரில் போய்க் கேட்கலாம்.

ஜவுளி என்றால் ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தையை ஒருமுறையாவது சுற்றிப் பாருங்க. வாங்க வேண்டாம், விலை மட்டும் கேளுங்க. திருப்பூர் காதர்பேட்டையும் அப்படித்தான். அங்கே ஏற்றுமதி மிச்சம் என்று சொல்லிக் கொடுப்பதில் ஓட்டை, கறை, அளவு மாறின பீஸ் கலந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இருந்தால் வாங்குங்க.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லணும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்காதீங்க. 1985ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று 11 வகை ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. பெட்ஷீட்டும் ஜமக்காளமும் அதில் வரும். சட்டம் ஒரு பக்கம். தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவர் கூலியைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற நமக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்த ரகங்களில் வராத விசைத்தறித் துணியை விற்பது தப்பே இல்லை, "விசைத்தறி" என்று சொல்லி விற்கலாம்.

விலை எப்படி வைக்கிறது?

இதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். 480க்கு வாங்கினதை 600க்கு, கூரியர் உட்பட, கொடுத்தேன். ஒன்றுக்கு 120 ரூபாய் லாபம் என்று சந்தோஷம். மாசக் கடைசியில் நோட்டை எடுத்துக் கூட்டினேன். ஆட்டோ, சுமைக்கூலி வகையில் பீஸுக்கு 10. கவர், டேப் 12. கூரியர் 80. ஆக அடக்கம் 582. மிஞ்சினது 18 ரூபாய். படம் எடுத்து, மடித்து, நூல் பிசிறு கத்தரித்து, நாற்பது மெசேஜுக்குப் பதில் சொன்னதற்கு 18 ரூபாய்.

இப்போது திரும்பி வருவதற்கும் கெட்டுப்போவதற்கும் என்று பீஸுக்கு 30 தனியாகச் சேர்க்கிறேன். 612. விற்பது 750. கையில் நிற்பது 138. "600க்குத் தந்துட்டு இருந்தீங்களே" என்று கேட்ட பழைய ஆட்களிடம் "அப்போ கணக்குத் தெரியலைங்க" என்று உண்மையைச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு வாங்கினார்கள்.

"குறைச்சுக்குங்க" என்பார்கள். எனக்கு அந்தக் கருவேப்பிலை ஆத்தா ஞாபகம் வரும். "வராதுங்க" என்று ஒரு வார்த்தை. மூன்று எடுத்தால் கூரியர் காசில் மிச்சமாவதைக் கழித்துத் தருவேன், அது நியாயமான கழிவு.

படம் எடுக்க நல்ல கேமரா வேணுமா? என் முகத்தைக் காட்டணுமா?

போன் போதும். காலை எட்டு மணி வெயில் விழாத திண்ணை வெளிச்சம்தான் முக்கியம். டியூப் லைட்டில் எடுத்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும், மெரூன் கறுப்பாகத் தெரியும், அப்புறம் "கலர் வேற" என்று சண்டை. நான் கயித்துக் கட்டிலில் விரித்துப் போட்டு எடுக்கிறேன். பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு, அளவு தெரிய. முகம் காட்டுவது உங்கள் இஷ்டம். நான் கையை மட்டுமே காட்டுகிறேன்.

லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் எடுக்காம ஆரம்பிச்சா மாட்டிக்குவோமா?

இந்தப் பயத்திலேயே நின்றுபோனவர்கள் நிறைய. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறீர்கள் என்றால் வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. மாசம் 20 பெட்ஷீட் விற்கிற நமக்கு அது வெகுதூரம். பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ அனுப்பினால் அது வேறு மாநிலம், அதற்குப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க. பெரிய ஆன்லைன் தளங்களில் முன்பு ஜிஎஸ்டி இல்லாமல் கடையே திறக்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல், சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம்.

உத்யம் என்பது சிறு தொழில் செய்கிறவர்களுக்கான பதிவு, அரசுத் தளத்தில் ஆதாரை வைத்துச் செய்வது. இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

தின்பண்டம், மசாலா, எண்ணெய் என்றால் வீட்டு அடுப்பில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்துத்தான் ஆகணும். பருப்புப் பொடி விற்கிற என் நங்கையா எடுத்தபோது கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்கணும். எடை, விலை, தயாரித்த தேதி, உங்கள் முகவரி எல்லாம் லேபிளில் வரணும். வீட்டு முகவரியா என்று தயங்குவீர்கள். வேறு வழி இல்லைங்க, வாய்க்குள் போகிற பொருள்.

பார்சல் எப்படிப் போடறது?

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பெரும்பாலான இடத்தில் வழக்கம். அதில் வருவதும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குக் காசு. ஒரு கிலோ பெட்ஷீட்டை 40, 30, 20 அளவு அட்டைப்பெட்டியில் போட்டால் 4.8 கிலோவுக்குக் கட்டணும். அதையே காற்றை அமுக்கி 35, 28, 6 அளவுக் கவரில் திணித்தால் 1.2 கிலோகூட வராது. துணிக்குப் பெட்டி எதற்கு? உள்ளே ஒரு பாலிதீன், மேலே கவர், உள்ளேயும் ஒரு முகவரிச் சீட்டு. மழையில் மேல்சீட்டு அழிந்துபோனால் உள்சீட்டுதான் பார்சலை ஊர் சேர்க்கும்.

கூரியர் போகாத கிராமத்துக்குத் தபால்தான் துணை. பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் அந்தப் பழைய கவுண்ட்டரைத் தேட வேண்டாம்.

என் முதல் பார்சல் மதுரைக்குப் போனது. கவரை மூன்று தடவை பிரித்து ஒட்டினேன், பெட்ஷீட் உள்ளேதான் இருக்கிறதா என்று. தபாலாபீஸில் "உள்ள என்னங்க?" என்று கேட்டார்கள். "பெட்ஷீட்ங்க, நான் விக்கிறது" என்றேன். அந்த "நான் விக்கிறது" யாரும் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீல் குத்தினார்.

ஏமாத்தினா என்ன பண்றது?

வழக்கமான ஆட்டம் ஒன்று உண்டு. ராணுவத்தில் இருக்கிறேன், முகாமுக்கு 50 பெட்ஷீட் வேண்டும், விலையே கேட்க மாட்டார். பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார், "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்பார். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டால் உங்கள் பணம் போகும். விலை கேட்காத வாடிக்கையாளர் நம்ம சீமையில் கிடையாது, அங்கேயே சந்தேகம் வந்துவிடணும்.

இன்னொன்று, பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட். படத்தை நம்பாமல் பேங்க் கணக்கைத் திறந்து பாருங்க. பணம் போய்விட்டால் அழுது நேரம் கடத்தாமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன். சீக்கிரம் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

சரக்கு சரியில்லைன்னு திட்டினா தாங்க முடியுமா?

திட்டு வாங்கினேன். மெரூன் துண்டு ஒன்று தஞ்சாவூருக்குப் போனது. அந்தம்மா அதை வீட்டுக்காரர் வேட்டியோடு ஊறவைத்துவிட்டார். வேட்டி ரோஜாப்பூ கலர். படம் அனுப்பிவிட்டு எழுதின மெசேஜை இங்கே எழுத முடியாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயம் போட்ட இடத்தில் கேட்டால் "எங்க மேல தப்பில்லை" என்றார்கள். துண்டுக் காசையும் ஒரு வேட்டிக் காசையும் அனுப்பி வைத்தேன். 138 வீதம் பார்த்தால் நாலைந்து பெட்ஷீட் உழைப்பு போயிற்று.

அதிலிருந்து புதுச் சரக்கு வந்தால் கலருக்கு ஒன்று எடுத்துப் பொடக்காளியில் பக்கெட்டில் வெள்ளைத் துணியோடு ராத்திரி முழுக்க ஊறப்போடுகிறேன். காலையில் வெள்ளைத் துணி என்ன கலரில் இருக்கிறது என்று பார்ப்பது மாமியார். சாயம் விட்டால் அந்தக் கலர் திரும்பிப் போகும். "முதல் சலவை தனியாக" என்று சீட்டும் வைக்கிறேன். அந்தத் தஞ்சாவூர் அம்மா ஒரு வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு ஆறு பெட்ஷீட் வாங்கினார். துண்டு மட்டும் இன்றுவரை வாங்கியதில்லை.

அம்முணி, எனக்கு 58 வயசு, இங்கிலீஷ் தெரியாது, போன்ல டைப் பண்ணவும் வராது. எனக்கெல்லாம் ஆகுமா?

ஆகுங்கம்மா. வாய்ஸ் மெசேஜ் போதும். உங்கள் பேச்சில் "வாங்கோ, போங்கோ" கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சரக்கின் மேலேயே நம்பிக்கை வருகிறது, நான் பார்த்திருக்கிறேன். பணம் வருவது போவதை மட்டும் பேரன் பேத்தியை நம்பிவிடாமல் நீங்களே பார்க்கப் பழகுங்க.

ஒரு மாசமா ஒரு ஆர்டரும் வரலை. மூடிடலாமா?

எத்தனை பேரிடம் விலை சொன்னீர்கள்? ஸ்டேட்டஸ் போட்டதைக் கேட்கவில்லை. யாரிடமாவது நேராக "இது இருக்குதுங்க, இவ்வளவு, வேணுங்களா" என்று கேட்டீர்களா? எனக்கு முதல் ஆர்டர் 23ஆம் நாள் வந்தது, அதுவும் பழைய காலேஜ் தோழிக்கு நானே எழுதிக் கேட்ட பிறகு. ஆடியில் கொஞ்சம் படுக்கும், நோம்பி நாளிலும் தீபாவளிக்கு முந்தைய மாசத்திலும் எழும். ஆறு மாசம் பார்த்தும் நகரவில்லை என்றால் பொருளை மாற்றுங்க. மூடுவதும் தப்பில்லை. 5,000 ரூபாயில் கற்றுக்கொண்ட பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம், மிச்சப் பெட்ஷீட்டில் படுத்தும் தூங்கலாம்.

மில் வேலையை விட்டுட்டு முழுசா இதுல இறங்கலாமா?

இப்போது வேண்டாம். பன்னிரண்டு மாசக் கணக்கை நோட்டில் எழுதுங்க, கையில் நின்ற காசை மட்டும். அது சம்பளத்தைத் தொட்டால் அன்றைக்குப் பேசுவோம். எனக்கு அந்த இடம் வர மூன்று வருஷம் ஆனது. அதுவரை ராத்திரி ஒன்பது மணிக்குச் சோறு கட்டின பிறகுதான் பெட்ஷீட் மடித்தேன்.